உருண்டையானவை மட்டும்

அடையாறு ஆய்வகத்தில் ஐந்து வருஷமாக நான் பார்த்துவந்த வேலையை என் அம்மா மயிலாப்பூர் மாமிகளிடம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்: "அவ உருண்டை பிடிச்சிண்டிருக்கா. இன்னும் சரியா வரலையாம்." விஞ்ஞானப்படி பார்த்தாலும் இதில் பிழையில்லை. தண்ணீரில் சோப்பைக் கரைத்து, ஸ்டைரீன் என்கிற திரவத்தை ஊற்றிக் கலக்கி, மருந்து போட்டுச் சூடேற்றினால் பால் மாதிரி ஒன்று கிடைக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகள் கோடிக்கணக்கில் மிதக்கும்.

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆய்வு செய்தேன். முனைவர் பட்டம் வராவிட்டால் அந்த வேலை நிலைக்காது. பட்டத்துக்கு ஒரு கட்டுரையாவது அச்சாக வேண்டும். அதற்கு ஆய்வை மேற்பார்க்கும் என் கைடு தலையசைக்க வேண்டும். அவர் தலையோ உருண்டைக்கு மட்டும்தான் அசையும். மைக்ரோஸ்கோப் படத்தில் ஒரு துகள் கோணலாக இருந்தாலும் முகத்தைச் சுளித்து, "என்னம்மா இது, கை சுத்தம் போதலையே" என்பார். என்னமோ நான் அவற்றைக் கையால் உருட்டிப்போட்ட மாதிரி.

முதலில் சிறு உருண்டைகளைச் செய்வது, உள்ளே பிளாஸ்டிக் இழைகளின் பின்னல் இறுகும்படி ஒரு சரக்கைச் சேர்ப்பது, பிறகு இன்னும் கொஞ்சம் ஸ்டைரீனைக் குடிக்கவைத்துப் பெரிதாக்குவது. இதுதான் என் திட்டம். பெரிதாயின. ஆனால் பாதிக்கு மேல் வேர்க்கடலை மாதிரி இடுப்பு ஒடுங்கி, இரண்டு தலையோடு வந்து நின்றன.

மைக்ரோஸ்கோப் அறையில் வெகுநாளாக வேலை பார்க்கும் ஆபரேட்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா மேடம், இன்னிக்கும் கடலையா கீது?" பிறகு அவரே ஆறுதலும் சொன்னார். "வுடுங்க. ரவுண்டா கீற எடமா பாத்து எடுத்துக்கலாம். அல்லாரும் அப்டித்தான் எடுத்துக்கினு போறாங்க."

உண்மைதான். எங்கள் கட்டடத்தில் அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. நல்ல இடம் தேடுவது என்பார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று கூடத்தை மட்டும் பெருக்கிவைப்பதைப் போலத்தான். நானும் மணிக்கணக்கில் தேடி, உருண்டைகள் கூடிநிற்கும் மூலையாகப் பார்த்துப் படமெடுத்தேன். கடலை விழுந்த படங்களை அங்கேயே அழித்தேன். கைடு கண்ணில் பட்டால் இன்னொரு வருஷம் போய்விடும் என்ற பயம். பாலைக் கழிவுக் கேனில் கொட்டிவிட்டு, நோட்டில் 'மாதிரி சரியில்லை' என்று எழுதுவேன். ஏன் இரண்டு தலை என்று ஒரு நாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆராய்ச்சியில் அவ்வளவு மும்முரம்.

போன மாதம் ஒரு கருத்தரங்கம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியை முதல் படத்தைப் போட்டார். திரை முழுக்க வேர்க்கடலை. சூடு ஏறியதும், பின்னல் இறுகிய உருண்டை சுருங்கிக்கொண்டு, குடித்த ஸ்டைரீனை ஒரு பக்கமாகத் துப்பிவிடுகிறது என்றார். துப்பியது அங்கேயே கெட்டியாகி இன்னொரு தலையாகிவிடுகிறதாம். பின்னலைக் கூட்டிக் குறைத்து அவர் வேண்டிய வடிவத்தை வரவழைத்திருந்தார். சரக்கு, சூடு, சோப்பு எல்லாம் கிட்டத்தட்ட என்னுடையவைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, என்மேல்தான்.

பக்கத்தில் கைடு எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டினார். தேநீர் இடைவேளையில் போண்டாவும் கையுமாக என்னிடம் வந்தார்.

"அருமையான ஷேப். நமக்கு ஏம்மா இந்த மாதிரி ஒண்ணு வரல?"

"வந்துண்டேதான் சார் இருந்தது. மூணு வருஷமா."

அவர் முகம் மலர்ந்தது. "அடடே, சொல்லவே இல்லையே! படம் இருக்கா? உடனே ஒரு பேப்பர் எழுதிடலாம்."

"நூத்துக்கணக்குல இருக்கு சார்," என்றேன். "எல்லாம் உருண்டையா இருக்கு."