நடுவருக்கு உப்பு வேண்டாம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, என் பெரியப்பா ஒரு கை நிறையக் கல்லுப்போடு என் அறைக்குள் நுழைந்தார். அவர் பார்வை நேராகக் கண்ணாடித் தொட்டியின் மீது. குறுக்கே பாய்ந்தேன் நான்!

தொட்டிக்குள் இருப்பவர் நடுவர் - நான் வளர்க்கும் நியூட் என்ற நீர்வாழ் பிராணியின் குட்டி. தோற்றத்தில் பல்லி; உறவுமுறையில் தவளைக்குப் பங்காளி. கொடைக்கானல் தோழி ஒருத்தி, தன் தொட்டியில் பிறந்த குட்டிகளுள் ஒன்றை எனக்குப் பரிசளித்தாள். நான் எந்தத் தரப்பைப் பேசினாலும் இவர் முகத்தில் சலனமே காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார். பட்டிமன்றப் பேச்சாளரான என் வீட்டில் அவருக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

தூத்துக்குடி வெயிலில் குளிர்நீர் உயிரை வளர்ப்பது எளிதா, அவையோரே? தொட்டி முழுவதும் வேலம்பாசியும் ஜாவா மாஸ் என்னும் பாசியும் நட்டேன். ஏசி ஓடுவது அவருக்காக; போர்வைக்குள் நடுங்குவது நான். ஊரே விரட்டியடிக்கும் கொசுப்புழுவைத் தேடி, கிண்ணத்தோடு அலையும் ஒரே பெண்ணும் நான்தான்!

கழுத்தின் இருபுறமும் இறகு விரித்தாற்போல் நிற்கும் செவுள்களே நடுவரின் அழகு. திடீரென அவை சுருங்கத் தொடங்கின. புழுவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நோயா? வளர்ச்சியா?

"செவுள் சுருங்கினா கரையேறப் போகுதுன்னு அர்த்தம்டி. தண்ணிக்கு மேல தெரியற மாதிரி ஒரு கல்லை வை" என்றாள் தோழி, தொலைபேசியில். வைத்தேன். காத்திருந்தேன். நடுவரோ பாசிக்கடியில் அசையாமல் கிடந்தார்...

செய்தி பெரியப்பாவுக்கு எட்டியது. அவர் உப்பளம் நடத்துபவர். தொண்டை கட்டினால் உப்பு, கால் வீங்கினால் உப்பு - அவருடைய மருத்துவத்தில் இரண்டாவது மருந்தே கிடையாது. அந்த மருந்தோடுதான் ஞாயிறு காலை வந்து நின்றார்.

"தள்ளுளா. மீனு சோந்து கெடந்தா கல்லுப்புதான் போடுவாவ."

"இது மீனே இல்ல பெரியப்பா! தோல் வழியாவும் மூச்சு விடுற உசிரு. உப்பு பட்டா தாங்காது."

"ஊருக்கே உப்பு போடுதோம்... உன் பல்லிக்கு ஒரு கை போட்டா கொறஞ்சா போவும்?"

"பல்லியும் இல்ல!"

"மீனும் இல்ல, பல்லியும் இல்ல... அப்ப என்னத்தத்தான்ளா வளக்க?"

விடுவேனா? நன்னீரில் பிறந்த உயிருக்கு உவர்நீர் பகை என்று குரலை உயர்த்தினேன். நேரம் முடிந்ததென்று மணியடிக்க ஆளில்லாத மேடை வேறு!

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ரெண்டு பேரும் பேசிப் பேசியே அதக் கொன்னுருவிய போல!"

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஒருவேளை அது நோயாகவே இருந்துவிட்டால்? என் வாதத்தின் வெற்றிக்கு நடுவரின் உயிரா விலை?

அந்த ஒரு கணத் தயக்கம் போதுமே பெரியப்பாவுக்கு. மூடியைத் திறந்துவிட்டார். அவர் மணிக்கட்டை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பாசி அசைந்தது.

நடுவர் மெல்ல மேலே வந்தார். ஒரு காலைக் கல்லின் மீது ஊன்றினார். பின்பு மறு கால்... வாலையும் இழுத்துக்கொண்டு, முழு உடலோடு, நீரைவிட்டு ஏறி நின்றார்! தொண்டை மட்டும் மெல்லத் துடித்தது. காற்று... நடுவர் காற்றைச் சுவாசிக்கிறார்!

"ஏளா... நடக்குளா இது!" என்றார் பெரியப்பா, மூக்கு கண்ணாடியில் படுமளவு குனிந்து. நான் துள்ளிய துள்ளலில் அவர் கையிலிருந்து சில உப்புக்கற்கள் சிதறின - நல்லவேளையாக, தரையில்.

எதிரணியை வாயடைக்க வைப்பதே வெற்றி என்றுதான் மேடையில் பழகியிருக்கிறேன். இங்கே நடுவரே எழுந்து மேடையேறிவிட்டார். இரு அணிகளுக்கும் ஒருசேர வாயடைத்துப் போயிற்று!

மீதி உப்பா? பெரியப்பா அதை விட்டுக்கொடுப்பவரா என்ன... நேராகச் சமையலறைக்குள் போனார். அன்றைய குழம்பு கொஞ்சம் கரித்தது. எதிர்வாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.