தங்கைக்கு முறை தேடிக் கோட்டுச்சேரிக்கு

சென்ற தை மாதம் நான் காரைக்கால் போனது கடற்கரை பார்க்க அல்ல. என் தங்கை உடன் வேலை பார்ப்பவரைக் காதலித்து, இரண்டு வருடம் மல்லுக்கட்டி வீட்டில் சம்மதம் வாங்கியிருந்தாள். நிச்சயத்துக்கு முந்தைய வாரம் பெரியப்பா ஒரு குண்டைப் போட்டார்: "ரெண்டு குடும்பத்துக்கும் கோட்டுச்சேரி சாமிநாதன்தான் கொள்ளுத்தாத்தா. மாப்பிள்ளை அவளுக்கு அண்ணன் முறைடா!"

கும்பகோணத்திலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம். காரைக்காலில் மெஹருன்னிசா அக்கா இருக்கிறார். அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் ஊர் வரலாறும் வம்சாவளிகளும் தேடி எழுதுகிறவர். பிரெஞ்சுக் குடியுரிமைக்காகத் தாத்தாவைத் தேடுகிறவர்கள் அவரிடம்தான் வருகிறார்கள்.

"எல்லாரும் சொந்தம்னு நிரூபிக்க வருவாங்க. சொந்தம் இல்லைன்னு நிரூபிக்க வந்த மொத ஆளு நீங்கதான் தம்பி" என்றபடி ஸ்கூட்டியை எடுத்தார்.

கோட்டுச்சேரி வடக்கே ஐந்தாறு கிலோமீட்டர். கண்ணில் படும் வீட்டுக்கெல்லாம் கைகாட்டி வரலாறு சொல்லிக்கொண்டே ஓட்டுவார். பின்னால் உட்காருபவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும்.

மளிகைக்கடை வாசலில் கலியமூர்த்தி என்ற பெரியவரைப் பிடித்தோம்.

"எந்த சாமிநாதன்? வயலுக்கே பூட்ஸ் போட்டுக்கிட்டு போவாரே, அவரா? வெறுங்கால் சாமிநாதனா?"

பிள்ளைகளின் பெயர்களை விசாரித்ததில், எங்களுடையது வெறுங்கால். மாப்பிள்ளை வீட்டினுடையது பூட்ஸ். இரண்டு பேர்! நான் மூச்சு விட்டேன். அக்கா விடவில்லை. "ரெண்டு பேரும் பங்காளிங்களா?"

"பேசிக்கவே மாட்டாங்கம்மா."

"அப்ப பங்காளியாத்தான் இருக்கும்" என்றார் அக்கா.

"ஒரு வீட்டுல சாவுன்னா இன்னொரு வீட்டுல தீட்டு காத்தாங்களா?"

"தீட்டா? வெறுங்கால் சம்சாரம் குஞ்சம்மா செத்தப்ப, பொறந்த வீட்டுக் கோடித்துணி கொண்டாந்ததே பூட்ஸுதான்! அன்னைக்குத்தான் அவரு பூட்ஸ கழட்டி நான் பாத்தது."

அக்கா கைதட்டினார். "குஞ்சம்மா பூட்ஸுக்குத் தங்கச்சி! நீங்க பங்காளி இல்ல தம்பி, மாமன் மச்சான். அந்தப் பையன் உங்க தங்கச்சிக்கு முறை மாப்பிள்ளை!"

வம்சாவளி தேடிப் போகிறவர்கள் பாட்டிகள் பிறந்த வீட்டையும் விசாரித்துக்கொண்டு போங்கள். குஞ்சம்மாள் என்ற பெயரே எனக்கு அன்றுதான் தெரியும். அவரால்தான் கல்யாணம் நடந்தது. அக்காவைப் பார்க்கக் காலையிலேயே போய்விடுங்கள். முதலில் உங்கள் கதையை முழுக்கக் கேட்ட பிறகுதான் தேநீர் வரும்.

பெரியப்பா இப்போது "சொந்தம்னு நான் அப்பவே சொன்னேன்ல?" என்று பெருமையாகத் திரிகிறார். தங்கைதான் என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினாள்.

"அவ்வளவு சண்டை போட்டு லவ் பண்ணி, கடைசியில முறை மாப்பிள்ளையக் கட்டிக்கிட்டேன்னு ஆக்கிட்டியே. ஆபீஸ்ல யாரு மூஞ்சில முழிப்பேன் அண்ணா?"