நாய்க்கூண்டுக்குப் போட்ட இன்சுலேஷன்

அனல்மின் நிலையத்தில் நீராவிக் குழாய்களுக்குச் சூடு காக்கும் பஞ்சு சுற்றி, மேலே அலுமினியத் தகடு அடிப்பது என் வேலை. கான்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, தலையும் நரைத்துவிட்டது. வேலை முடிந்ததும் புறங்கையால் தகட்டைத் தொட்டுப் பார்ப்போம். ஜில்லென்று இருந்தால் சூடு வெளியே வரவில்லை, வேலை சுத்தம். நான் அடித்த தகட்டை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. அந்தத் திமிர்தான் போன மார்கழியில் எங்கள் நாயைப் படுக்க வைத்தது.

அதற்குப் பன்னிரண்டு வயது. எங்கள் பிளாக் தெருவில் பிறந்தது. என்ன கொடுத்தாலும் வாசற்படி தாண்டாது. இழுத்து உள்ளே விட்டால் கதவைப் பிறாண்டி ஊரைக் கூட்டிவிடும். அதனால் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் ஒரு பலகைக் கூண்டு. பின்னங்கால்கள் பிடித்துக்கொண்டு, குளிர் வந்தால் எழவே திணறும். மழை விட்ட கையோடு பனியும் இறங்கிவிட்டது. “இந்தக் குளிர தாண்டாதுங்க” என்று பக்கத்து வீட்டுக்காரர் வாய் கூசாமல் சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

வடலூர் பழைய இரும்புக் கடையில் தகடும் பஞ்சும் வாங்கி வந்தேன். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கூண்டைச் சுற்றிப் பஞ்சு வைத்து, தகடு அடித்து, இடுக்கு விடாமல் அடைத்தேன். உள்ளே சாக்கு. வாசலுக்குப் பழைய கன்வேயர் பெல்ட்டில் வெட்டிய கனமான ரப்பர் திரை. சாயங்காலம் நாய் உள்ளே போய்ப் படுத்ததும் தகட்டைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. மனைவியையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன்.

“நல்லாத்தான் கீது. அதுக்குக் காத்து?” என்றாள்.

“எல்லாம் எனக்குத் தெரியும்” என்று அவள் வாயை அடைத்தேன்.

விடிந்ததும் ரப்பரைத் தூக்கினேன். நாய் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லாமல் பலகையெல்லாம் வேர்த்துச் சாக்கில் சொட்டியிருந்தது. நாய் தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். தலையைக்கூடத் தூக்கவில்லை. என் குரல் கேட்டு மனைவி ஓடி வந்தாள்.

“இன்னாங்க இது, அநியாயமா! குழாய்க்கு பாய்லர்லேர்ந்து சூடு வருது. இது மூச்சு வுட்டுகினு கெடக்குற உசுருங்க!”

இருவரும் தூக்கி வெயிலில் போட்டு, என் பழைய லுங்கியால் துவட்டித் துவட்டித் தேய்த்தோம். வெதுவெதுப்பான கஞ்சியை அவள் கையில் ஏந்திக் காட்டினாள், அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்று நான் ஷிஃப்டுக்குப் போகவில்லை. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

உச்சி வெயில் ஏறியபோது பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார். நாய் அவரைப் பார்த்து உறுமியது. பிறகு முன்னங்காலை ஊன்றி, ஆடி ஆடி எழுந்து, குரைத்தே விட்டது. அவர் முகத்துக்கு நேரே எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படவில்லை.

அன்றே ரப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோணித்துணி கட்டினேன். கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் துளை போட்டேன். அடியில் செங்கல் வைத்துத் தூக்கினேன். காடாம்புலியூரில் இருக்கும் மைத்துனர் பைக்கில் ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து போட்டார்.

மறுநாள் காலை நாய் தானாக வெளியே வந்து சோம்பல் முறித்தது. என் கை பழக்கத்தில் தகட்டுப் பக்கம் போனது. இழுத்துக்கொண்டேன். குனிந்து, அது படுத்திருந்த வைக்கோலுக்குள் கையை விட்டேன். காய்ந்திருந்தது, நல்ல சூடாகவும் இருந்தது.