விமானத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் ஊரில் புது வண்டி எது வந்தாலும் முதலில் அப்பாவின் மளிகைக் கடை வாசலில்தான் வந்து நிற்கும். அவருக்குக் கைராசி என்று ஒரு பேச்சு. டிராக்டரோ, மொபெட்டோ, கல்யாணச் சீராக வந்த கிரைண்டரோ, எதுவானாலும் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டி அனுப்புவார். ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்குக்கூடப் பொட்டு உண்டு. அதற்கப்புறம் சேனல் மாற்றுவதற்குள் எங்களுக்கு உயிர் போய்விடும்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொள்ளும் மரியாதை எங்கள் பங்காளிகளுக்குள் முறை வைத்து வரும். அந்த வருஷம் அப்பாவின் முறை. வகுப்பில் எல்லோரிடமும் அதைச் சொல்லி வைத்திருந்தேன். அப்பா தலையில் பட்டுத் துணியோடு நிற்கும்போது நான் பக்கத்தில் நிற்பதற்காகப் புதுப் பாவாடை தைத்து வந்திருந்தது.

பெரியப்பாவுக்கு வேறு கவலை. பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து கோபுரத்துக்குப் பூத்தூவியதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை. ஹெலிகாப்டருக்கு எங்கள் ஊருக்கு வக்கில்லை. எங்கெங்கோ அலைந்து, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானத்தையும் அதை ஓட்டும் ஓர் இளைஞரையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். விமானம் லாரியில் வந்து இறங்கியது. கண்மாய்க்குப் பக்கத்துப் பொட்டலில் முள்ளை வெட்டி, ரோலர் ஓட்டி, ஓடுபாதை தயாரானது.

கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் ஒத்திகை. விமானி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, திருகிப் பார்த்து முடித்த பிறகு அப்பா சந்தனக் கிண்ணத்தோடு போனார். "முன்னால மட்டும் வைங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு விமானி தண்ணீர் குடிக்கப் போனார். முன்னால் மட்டும் வைத்தால் அப்பாவுக்குப் பூஜை பண்ணிய திருப்தி வருமா? இறக்கைக்கு, வாலுக்கு, சக்கரத்துக்கு என்று வைத்துக்கொண்டே வந்தார். பெட்ரோல் டேங்க் மூடியில், பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல, கடுகளவு துவாரம் ஒன்று இருந்தது. அதில் நன்றாக அழுத்தி வைத்தார். சந்தனம் காயும்வரை நான் பக்கத்திலேயே நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகைக்கே நிலக்கோட்டை ரோஜா இதழ் ஒரு சாக்கு வேண்டும் என்று அடம்பிடித்து, அதை மடியில் வைத்துக்கொண்டு பெரியப்பா ஏறினார். குலவைச் சத்தத்தோடு விமானம் கிளம்பியது. தென்னை மரங்களைத் தாண்டியது. சிறுமலைப் பக்கம் திரும்பியதும் இஞ்சின் இரண்டு தரம் இருமியது. அப்புறம் சத்தமே இல்லை. ஊரே வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்க, விமானம் சரிந்து சரிந்து போய்த் தக்காளித் தோட்டத்தில் மூக்கைக் குத்தி நின்றது.

ஓடினோம். பெரியப்பாவுக்கு ஒரு கீறல் இல்லை. தலை முதல் கால் வரை ரோஜா இதழும் தக்காளிச் சாறுமாக இறங்கி வந்தார். விமானிக்குத்தான் வலது கை ஒடிந்துவிட்டது. வரப்பில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "இஞ்சின் நல்லாத்தாங்க இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

யார் கேட்பது? "செருப்போட ஏறுனான்ல, ஆத்தா சும்மா விடுவாளா?" என்றது ஒரு குரல். ராத்திரி குடித்திருப்பான் என்றது இன்னொன்று. இன்ஸ்பெக்டர் வந்ததும் பெரியப்பா, "வண்டிய ஒழுங்காப் பாக்காம என்னைய ஏத்திட்டுப் போயிருக்கான் சார். இனிமே இவன் எதையும் ஓட்டக் கூடாது. கேஸ் போடுங்க" என்று குதித்தார். விமானியின் முகம் வெளுத்துப்போனது.

இதற்குள் அப்பா விமானத்தைச் சுற்றி வந்து, அந்த மூடியின் முன்னால் நின்றுவிட்டார். ஓர் ஈர்க்குச்சியை எடுத்துத் துவாரத்தில் குத்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மளிகைக் கடைக்காரருக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் டின்னில் எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டால்தான் எண்ணெய் இறங்கும். தினமும் செய்கிற வேலை. திரும்பி வந்து கூட்டத்தின் நடுவில் நின்றார்.

"ஐயா, அந்தத் தம்பி மேல தப்பில்ல. காத்து போற ஓட்டைய நாந்தான் சந்தனத்த வச்சு அடச்சுப்புட்டேன். எங்கிட்ட எழுதி வாங்கிக்கங்க."

முதலில் சிரித்தவர் இன்ஸ்பெக்டர். அப்புறம் தக்காளித் தோட்டம் முழுக்கச் சிரித்தது. யாரோ செல்போனை நீட்டி, "அண்ணே, இன்னொருக்கா சொல்லுங்க" என்றார்கள். அப்பா இன்னொரு தடவையும் சொன்னார். எனக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டில் பெரியப்பா, "ஒருத்தனுக்கும் தெரியாதுல்ல, வாய மூடிக்கிட்டு இருந்தா என்னடா?" என்று கத்தினார். அம்மா பாத்திரங்களை உருட்டினாள். பெரியப்பா சொன்னதுதான் சரி என்று எனக்கும் பட்டது. விடிவதற்குள் அந்த வீடியோ ஆயக்குடி அத்தை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க்கூட்டம் போட்டு, அபசகுனம் பண்ணிய கைக்காரருக்குப் பரிவட்டம் வேண்டாம், அண்ணனுக்கே கட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அப்பா அதற்கும் சரி என்றார்.

மறுநாள் பெரியப்பா தலையில் பட்டுத் துணி. அப்பா கூட்டத்தோடு கூட்டமாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வகுப்புப் பையன்கள் என்னைப் பார்த்து நெற்றியைத் தொட்டுக் காட்டி, விமானம் விழுவது போல ஓசை எழுப்பினார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு அன்னதானப் பந்தலுக்குப் போனேன்.

அங்கே அதைவிட மோசம். கையில் மாவுக்கட்டோடு வந்த விமானி, அத்தனை இடம் காலியாக இருக்க, அப்பாவைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் சாம்பார் சாதத்தோடு அவர் திண்டாடுவதைப் பார்த்து, அப்பா சோற்றைப் பிசைந்து உருட்டி அவருக்கு ஊட்ட ஆரம்பித்தார். வளர்ந்த ஆம்பிளைக்கு, ஊரே பார்க்கும்படி! விமானியும் கூச்சமில்லாமல் வாயைத் திறந்தார். அப்பா என்னைப் பார்த்துப் பக்கத்து இலையைக் காட்டினார். நான் பார்க்காதது போலப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவர் முதுகும் என் முதுகும் இடிக்காத குறைதான்.

அப்பளம் வைத்துக்கொண்டு வந்த வெளியூர்க்காரர் குனிந்து, "பாப்பா நீ யாரு மக?" என்றார்.

தூரத்தில் பரிவட்டத்தோடு நின்ற பெரியப்பாவைக் கைகாட்டி, "அவரு மக" என்றேன்.

அப்பா காதில் விழுந்திருக்குமோ என்ற சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தேன். உருண்டையை ஏந்திய அப்பாவின் கை பாதியில் நின்றிருந்தது. விமானி வாயைத் திறந்தபடி காத்திருந்தார். சோறு சூடாக இருக்கிறது, ஆற விடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட ஆரம்பித்தேன்.