பூட்டுத் திறந்த நூற்று அறுபத்து மூன்று புத்தகங்கள்

இலோயிலோ நகராட்சியின் வரி மதிப்பீட்டு அலுவலகத்தில் டெல்ஃபினாவைக் கேலி செய்யாதவர் இல்லை. எந்தப் படமும் சந்தை வாசலில் திருட்டு வட்டாகக் கிடைக்கும் ஊரில், அவள் ஒருத்திதான் எதையும் முறையாகக் காசு கொடுத்து வாங்குவாள். ‘ஒரிஜினல் மானாங்’ என்றே அவளைக் கூப்பிடுவார்கள். மானாங் என்றால் அக்கா. ஐம்பத்திரண்டு வயதாகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உள்ளூர அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

எட்டு வருடங்களாக ஒரே இணையக் கடையில் மின்னூல்கள் வாங்கினாள். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று. அவற்றில் ஏழு, எதிர்க்கரையில் இருக்கும் கிமாராஸ் தீவின் பள்ளி ஆசிரியை மரிவெல் எழுதிய துப்பறியும் கதைகள். புதிதாக ஒன்று வந்தால் டெல்ஃபினா முதல் ஆளாக வாங்கிப் படித்துவிட்டு ‘இண்டாய்’, அதாவது தங்கச்சி, என்று அழைத்து அவளுக்கு நாலு வரி எழுதுவாள். மரிவெல்லும் பதில் போடுவாள். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

ஒருநாள், கடையை மூடப்போவதாகக் கடிதம் வந்தது. இறக்கி வைத்துக்கொண்ட புத்தகங்கள் உங்களிடமே இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அவளும் நம்பி எல்லாவற்றையும் இறக்கி வைத்தாள். ஆனால் கடையின் செயலி மாதம் ஒருமுறை கடையிடம் அனுமதி கேட்கும். பதில் சொல்ல அங்கே எதுவும் இல்லாமல் போனதும் ஒரு புத்தகமும் திறக்கவில்லை. மிச்சமிருந்த ஒரு முகவரிக்கு எழுதிக் கேட்டாள். நீங்கள் வாங்கியது புத்தகம் அல்ல, படிப்பதற்கான அனுமதி என்று பதில் வந்தது. எட்டு வருடமும் அவள் அழுத்திய பொத்தானில் ‘வாங்கு’ என்றுதான் எழுதியிருந்தது.

பக்கத்து மேஜை ரெய்னெரியோ, வேலை முடிந்ததும் திருட்டு வட்டு விற்பவன். புத்தகங்களுக்குக் கடை போட்டிருந்த மின்பூட்டை எடுத்துத் தருவதாக அவனே சொன்னான். டெல்ஃபினா கீழ்த்தளத்து வக்கீலிடம் போய்க் கேட்டாள். தனக்காக உடைத்துக்கொண்டால் யாரும் தேடி வரப்போவதில்லை, நகல் வெளியே போய்விட்டால்தான் உடைத்ததற்கும் சேர்த்துத் தண்டனை கூடும் என்றார் அவர். இரண்டு நாள் யோசித்துவிட்டு மடிக்கணினியை ரெய்னெரியோவிடம் கொடுத்தாள். தோத்தோ என்றுதான் அவனைக் கூப்பிடுவாள், தம்பி என்று அர்த்தம்.

“தோத்தோ, இது எனக்கு மட்டும்தான். வேற யார் கைக்கும் போகக் கூடாது.”

“என்னை என்னன்னு நினைச்சீங்க மானாங்?” என்றான். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் நூற்று அறுபத்து மூன்றும் திறந்துவிட்டன. அவனுக்கு ஒரு கிண்ணம் பாட்சோய் நூடுல்ஸ் சூப் வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து, கருவூலப் பிரிவுப் பெண் ஒருத்தி படிக்கட்டில் நிறுத்தி நன்றி சொன்னாள். உங்கள் புத்தகங்களில் ஒரு பக்கம்கூடக் குறையவில்லை என்றாள். எந்தப் புத்தகங்கள் என்று டெல்ஃபினா கேட்டதும் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினாள். அதன் மேல் சீட்டு ஒட்டியிருந்தது: ‘மானாங் டெல்ஃபினா – ஒரிஜினல்’.

டெல்ஃபினா போய்க் கேட்டபோது ரெய்னெரியோ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“என் பேரைப் போட்டா வைரஸ் இருக்கும்னு பயப்படுறாங்க. உங்க பேருன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குறாங்க.”

“உன்னை நம்பித்தானே குடுத்தேன்.”

“கடைக்காரனையும்தான் நம்புனீங்க. அவன் எடுத்துக்கிட்டுப் போனான், நான் திறந்தாவது குடுத்தேன். வேணும்னா புகார் குடுங்க. பூட்டை உடைக்கச் சொன்னது யாருன்னு முதல்ல கேப்பாங்க” என்றான்.

அன்று சாயங்காலம் மரிவெல்லுக்கு எழுதினாள். கடை மூடியதில் தொடங்கி, ரெய்னெரியோவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். பதில் உடனே வந்தது.

“தெரியும் மானாங். போன வாரமே அந்த பென் டிரைவ் எங்க டீச்சருங்க கைக்கு வந்திருச்சு. உங்க பேர் இருந்துச்சு. நீங்களே குடுத்திருந்தா உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன். அதான் கேக்கல.”

நான் கொடுக்கவில்லை என்று எழுதத் தொடங்கி அழித்தாள். வெகு நேரம் கழித்து, “விக்கக் குடுக்கல இண்டாய், திறக்கத்தான் குடுத்தேன்” என்று அனுப்பினாள்.

மரிவெல் அதைப் படித்துவிட்டதற்கான குறி விழுந்தது. அன்றும் அதற்குப் பிறகும் பதில் வரவில்லை.