வெதுவெதுப்பான சுவர்

என் மகள் கிருபா பகலில் கண் மூடாத குழந்தை. அன்று மலையிலிருந்து இறங்கும் ஜீப்பில் அவள் என் மடியில் துவண்டு கிடந்தாள். அடிவாரத்துப் போடி ஊர் வருவதற்குள் வாந்தி எடுத்தாள். முந்தின வாரமும் இப்படித்தான். மருத்துவர் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

எங்கள் சபையில் பெண்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி நடக்கிறது. கற்றதை மக்கள் நடுவில் செய்து காட்ட வேண்டும். நாங்கள் ஓர் ஏலத்தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்காகக் காப்பகம் தொடங்கினோம். நான் பெண்கள் கூட்டம் நடத்தும் நேரத்தில் கிருபாவும் அங்கேதான் இருப்பாள். மழை பிடித்ததும், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய அறைக்குப் பிள்ளைகளை மாற்றினோம். அந்தப் பக்கம் அடுப்பு எரிவதால் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். எல்லோருக்கும் சந்தோஷம்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் சிலமலை ஊர்க்காரரான பாண்டியம்மாள் அக்கா. தூக்க மருந்து எதையாவது கஞ்சியில் கலக்கிறாரோ? நான் கூட்டம் முடிந்து வரும்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் தூங்கிக் கிடக்கும்; இத்தனை பிள்ளைகளும் எப்படி ஒரே நேரத்தில் தூங்கும்? "ஆண்டவரே, மறைவாய் நடப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்" என்று அழுது ஜெபித்தேன். பாண்டியம்மாள் அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று பயிற்சி தரும் அக்காவிடம் சொன்னேன். அவர், "குத்தம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க அவங்க கூட உக்காந்துட்டு வாம்மா. நாம படிச்சது அதுதான?" என்றார்.

போனேன். கிருபாவும் என்னுடன் வந்தாள். எங்கள் இருவருக்கும் சாப்பாடும் தண்ணீரும் வீட்டிலிருந்தே கொண்டுபோனேன். பாண்டியம்மாள் அக்கா என் தூக்குவாளியைப் பார்த்துச் சிரித்தார். "ஏன் ஆத்தா, எங்கஞ்சியில என்ன வெசமா கெடக்கு?"

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாரல் அடித்ததால் சன்னல்களைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சுவரோரம் சாய்ந்தன. என் தலையும் வலித்தது. கண் சொருகியது. அப்போதுதான் உள்ளுக்குள் திடுக்கென்றது. நான் அவர் கையால் எதையுமே வாங்கவில்லையே! பிறகு எனக்கு ஏன் தூக்கம் வருகிறது?

"இயேசப்பா!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தேன். "அக்கா, பிள்ளைகளைத் தூக்குங்க! இந்த அறையிலதான் என்னமோ இருக்கு!"

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு கையிலும் பிள்ளைகளை வாரிக்கொண்டு மழைக்குள் ஓடினார். நானும் தள்ளாடித் தள்ளாடித் தூக்கினேன். கிருபாவின் கழுத்து நிற்கவில்லை. மழைத்துளி முகத்தில் பட்டுச் சிணுங்கினாள். பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையே என் ஜெபத்துக்குப் பதில்.

சுவருக்கு அப்பால் அடுப்பின் புகைக்குழாய் விரிசல் விட்டிருந்தது; அதன் நச்சுப்புகை சுவர் இடுக்கு வழியாக அறைக்குள் கசிந்திருக்கிறது. ஸ்டோர் என்றாலே புகையும் ஏலக்காயும் கலந்த வாசனைதான். அதனால் யாரும் கவனிக்கவில்லை. மருத்துவமனையில் எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டன.

நான் மனதில் வைத்திருந்ததைப் பாண்டியம்மாள் அக்காவிடம் சொன்னேன். அவர், "நீ என்னைய நம்பியிருந்தா இங்க வந்து உக்காந்திருப்பியா? போ ஆத்தா, வெரசா பிள்ளைக்குப் பால ஆத்து" என்றார்.

இப்போது காப்பகம் வேறு அறையில், சன்னல் திறந்தபடி நடக்கிறது. தோட்டத்துப் பெண்களே நடத்துகிறார்கள்; பாண்டியம்மாள் அக்காதான் தலைவி. கிருபா அவர் கையால்தான் கஞ்சி குடிக்கிறாள். என் சந்தேக குணம் இன்னும் போகவில்லை. அதையும் கர்த்தர் கைப்பிடித்து அந்த அறைவரை நடத்தினாரே! அன்பானவர்களே, உங்கள் பயத்தை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நீங்கள் யாரைச் சந்தேகிக்கிறீர்களோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். உண்மையைக் கர்த்தர் காட்டுவார்.