எரியாத நீலம்

மகள் வாங்கி வந்த பீங்கான் கோப்பையை இன்று காலை கழுவினேன். அதிலிருந்த சிவப்பு ரோஜா அத்தனை பளிச்சென்று இருந்தது.

காவலூரில் நாங்கள் இருந்தபோது அம்மா ஒரு சிறிய பீங்கான் பட்டறையில் கோப்பைகளுக்குப் பூ வரைந்துவந்தார். நான் ஆறாம் வகுப்பு. எனக்கிருந்த ஒரே தோழி வசந்தியின் அப்பாவுக்கு மாற்றல் வந்தது. அம்மாவிடம் கெஞ்சி ஒரு கோப்பை வாங்கி, அவள் பெயரை நீலத்திலும், பக்கத்திலேயே என் பெயரைச் சிவப்பிலும் எழுதினேன். அதன்மேல் கண்ணாடிப் பூச்சு பூசிச் சூளையில் வைத்தார்கள்.

சூளை ஆற இரண்டு நாளானது. வசந்தி கிளம்பும் காலையில்தான் திறந்தார்கள். இளஞ்சூடாக இருந்த கோப்பையில் ‘வசந்தி’ இருந்தது. பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை.

“சூடு ஏறிப்பூட்ச்சு கண்ணு. நீலம் எம்மாம் சூட்டையும் தாங்கும், செவப்பு எரிஞ்சிபூடும். வேற எழுதிக்கலாம்,” என்றார் அம்மா.

“அவ பத்து மணி பஸ்ஸுக்குப் போறாம்மா.”

பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினேன். வசந்தி கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எம்பேரு எவ்ளோ அழகா கீது! உம்பேரு இன்னாடி எழுதல? திமிரா?”



“எடம் பத்தல,” என்றேன்.

“இவ்ளோ எடம் கீதே!” என்று அந்த வெள்ளையைத் தொட்டுக்காட்டிச் சிரித்தாள். சிரித்தபடியே பேருந்தில் ஏறினாள். அதன்பின் கடிதம் எதுவும் வரவில்லை.

புதுக் கோப்பையை ஈரம் போகத் துடைத்து, ரோஜா சுவர்ப் பக்கம் இருக்கும்படி அலமாரியில் வைத்தேன்.